வெளிச்சத்துக்குக் காத்திருக்கும் பச்சை

(சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

நாம் கூடியிருக்கும் இந்த வட்டாரத்தின் பெயருக்கு மலாய் மொழியில் செங்குன்று என்று பொருள். அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. தோடாக் மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரைமேல் பாய்ந்து, ஈட்டி போன்ற மூக்கால் மக்களைக் குத்திக் கொன்றன, வாழைமரங்களை வெட்டி வேலியாக நிறுத்தினால் அவற்றின் மூக்கு அதில் தைத்துக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் யோசனை சொன்னான், அப்படியே நடந்தது. இவ்வளவு அறிவுள்ளவன் வளர்ந்தால் ஆபத்து என்று அஞ்சிய அரசன் அவனைக் கொல்லச் சொன்னான். வழிந்த ரத்தத்தில் குன்று சிவந்தது. செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் நூலின் காலத்துக் கதை இது. கேட்பவர் எல்லாருடைய கண்ணும் ரத்தத்தின் மேலேயே போகும். இன்று மாலை நம் கண் வாழையின் மேல் இருக்கட்டும். ஒரு வாழைமரத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளி மட்டை பச்சை. அதை உரித்தால் அடுத்தது வெளிர்பச்சை. அதற்கும் உள்ளே மஞ்சள் கலந்த வெண்மை. நடுவில் நாம் பொரியலுக்கு நறுக்கும் தண்டு தூய வெள்ளை. எல்லா மட்டைக்கும் ஒரே கிழங்குதான் உணவு அனுப்புகிறது, ஒரே வேர்தான் நீர் தருகிறது, ஒவ்வொரு செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதி. பச்சையாவதற்கு வேண்டிய எல்லாம் உள்மட்டைக்கும் கிடைத்திருக்கிறது, வெளிச்சம் ஒன்றைத் தவிர.

இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று தோன்றலாம். தமிழ் வீடுகளுக்கு இது பழகிய சங்கதிதான். திருமண வாசலில் கட்டும் தோரணத்துக்குத் தென்னங்குருத்தைத் தேடுகிறோம்; மட்டைகளுக்குள் பொதிந்து வெயில் படாமல் இருக்கும்வரைதான் அந்த இளமஞ்சள் நிறம் இருக்கும். நம் மலாய் அண்டை வீட்டார் கெத்துப்பாட் சோற்றுக்கட்டிக்குக் கூடு பின்னுவதும் அதே குருத்தோலையில்தான். தியோங் பாரு சந்தையில் தவுகே என்று கேட்டால் கிடைக்கும் பச்சைப்பயறு முளை வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், அது இருட்டில் முளைக்கவைக்கப்பட்டது என்பதே. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்து அம்மன் கோயில்களில் முளைப்பாரி எடுக்கும் பெண்களுக்கு இந்த அறிவு இன்னும் நுட்பமாக உண்டு. ஓட்டிலோ பானையிலோ எருவும் மண்ணும் இட்டு, நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் வைத்து, நாள்தோறும் நீர் தெளித்துக் கும்மி பாடுவார்கள். ஒரு வாரத்தில் முளைகள் ஒரே சீராக, வெளிறிய நிறத்தில், நெடுநெடுவென்று எழும்பி நிற்கும். அறையை ஏன் இருட்டாக வைக்கிறார்கள் என்று கேட்டால் மரபு என்பார்கள். அந்த மரபுக்குள் ஒரு துல்லியமான கண்டறிதல் ஒளிந்திருக்கிறது. இருட்டு முளையை நீட்டுகிறது. இருட்டு பச்சையைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. செடி எடுக்கும் ஒரே முடிவின் இரு முகங்கள் இவை.

ஒளிக்கும் பச்சைக்கும் உள்ள உறவை நாம் வழக்கமாக எப்படி விளக்குகிறோம்? வெளிச்சம் செடிக்கு உணவு, உணவில்லாத செடி சோகை பிடித்து வெளிறுகிறது என்று சொல்லிவிடுகிறோம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு. பயறு முளைக்கத் தேவையான உணவு முழுவதும் அதன் பருப்பிலேயே இருக்கிறது. அந்தச் சேமிப்பைக் கொண்டு முளை இருட்டிலேயே விரல் நீளம் வளர்கிறது. செல்சுவர் கட்டுகிறது, வேர் விடுகிறது, ஆயிரக்கணக்கான புரதங்களைச் செய்கிறது. இத்தனைக்கும் வசதி இருப்பவன் ஒரு நிறமிக்கு மட்டும் வசதியில்லை என்று சொன்னால் நம்ப முடியுமா? வேறொன்றும் கவனிக்கத் தக்கது. நடுப்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். நாம் உட்கார்ந்து படிக்கும் அறையின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். அந்த அறை வெளிச்சத்தில் வைத்தாலே தவுகே ஒரு நாளுக்குள் பச்சை காட்டத் தொடங்கிவிடும். அதே வெளிச்சத்தில் அது உணவு தயாரித்துப் பிழைக்க முடியாது. பச்சையாவதற்கு வேண்டிய ஒளி வேறு, பசி தீர்க்க வேண்டிய ஒளி வேறு. ஆகவே இன்று நான் நிறுவ விரும்புவது இது: பச்சையம் உண்டாவதில் ஒளி தரும் பங்கு பெரும்பாலும் அனுமதி. செடி அந்த அனுமதிக்காகக் காத்திருப்பதற்குக் காரணம், பச்சையமும் அதன் முன்னோடிகளும் கையில் வைத்திருக்க ஆபத்தான பொருள்கள் என்பதே.

அந்த ஆபத்தைப் புரிந்துகொள்ள, பச்சையம் எப்படிக் கட்டப்படுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1817-18ல் பாரிஸில் பெல்லெட்டியே, கவாந்து என்ற இரு மருந்தியலாளர்கள் இலையிலிருந்து இந்தப் பச்சைப் பொருளைப் பிரித்து அதற்குக் குளோரோபில் என்று பெயரிட்டார்கள். நம் பாடநூல்கள் அதைப் பச்சையம் என்கின்றன, நல்ல சொல். அதன் நடுவில் மெக்னீசியம் இருப்பதை நிலைநாட்டிய ரிச்சர்ட் வில்ஸ்டேட்டருக்கு 1915ல் நோபெல் பரிசு கிடைத்தது. ரத்தத்தின் சிவப்பான ஹீமுக்கும் இலையின் பச்சைக்கும் உள்ள உருவ ஒற்றுமையை ஆராய்ந்த ஹான்ஸ் ஃபிஷருக்கு 1930ல் கிடைத்தது. தாவரச் செல்லில் இரண்டும் ஒரே பாதையில் பிறக்கின்றன. குளூட்டமிக் அமிலம் என்ற சாதாரண அமினோ அமிலத்திலிருந்து அமினோலெவுலினிக் அமிலம் உண்டாகிறது. அதில் எட்டு மூலக்கூறுகள் கூடி ஒரு பெரிய வளையமாகின்றன. அந்த வளையத்தின் நடுவே இரும்பு அமர்ந்தால் ஹீமுக்கான வழி, மெக்னீசியம் அமர்ந்தால் பச்சையத்துக்கான வழி. செங்குன்றின் மண்ணைச் சிவப்பாக்குவதும் இரும்பு, கதையில் வழிந்த ரத்தத்தைச் சிவப்பாக்குவதும் இரும்பு. அந்த வேலியில் நின்ற வாழையின் பச்சை, அதே வளையத்தில் இரும்புக்குப் பதில் மெக்னீசியத்தை உட்காரவைத்த கதை. (கதை சொன்னவருக்கு வேதியியல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, தற்செயல்தான், ஆனாலும் அழகான தற்செயல்.)

மெக்னீசியம் அமர்ந்த பின் சில படிகள் கடந்து ஒரு பொருள் கிடைக்கிறது. அதன் பெயர் புரோட்டோகுளோரோபிலைடு. வாயில் நுழையாத பெயர் என்பதால் முன்பச்சையம் என்று சொல்லிக்கொண்டு போகிறேன். இதுவரை எல்லாப் படிகளையும் செடி இருட்டிலேயே செய்து முடிக்கும். அடுத்த படி மிகச் சிறியது: வளையத்தின் ஒரு மூலையில் உள்ள ஓர் இரட்டைப் பிணைப்பில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்க்க வேண்டும். பூக்கும் தாவரங்களில் அந்தச் சிறிய வேலையைச் செய்யும் நொதி, வெளிச்சம் இல்லாமல் அசையாது. முன்பச்சையத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஹைட்ரஜன் தரும் துணைப்பொருளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு ஒளித்துகள் வந்து விழும்வரை அப்படியே நிற்கும். விழுந்த கணத்தில் வேலை முடிந்துவிடும். உயிருலகில் இப்படி ஒளியையே நேரடியாகக் கைப்பிடியாகக் கொண்டு இயங்கும் நொதிகள் மிக அரியவை. புற ஊதாக் கதிரால் சிதைந்த டிஎன்ஏவைப் பழுது பார்ப்பது ஒன்று. 2017ல் குளோரெல்லா என்ற பாசியில் கண்டறியப்பட்ட, கொழுப்பமிலத்தை அறுக்கும் நொதி மற்றொன்று. இருட்டில் வளர்ந்த நாற்றுக்கு ஒரே ஒரு மின்னல் வெளிச்சம் காட்டி மீண்டும் இருட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கையிருப்பில் இருந்த முன்பச்சையத்தில் ஒரு பகுதி உடனே மாறிவிடும். பிறகு இருட்டில் கையிருப்பு மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு நிரம்பி, அங்கேயே நின்றுவிடும். நிரம்பி வழிவதில்லை. இந்த நின்றுவிடுதலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாதத்தின் அச்சாணி அதுதான்.

இந்த ஒரு பூட்டோடு விஷயம் முடியவில்லை. இருட்டில் வளர்ந்த நாற்றைத் தொடர்ந்த வெளிச்சத்தில் வைத்தால், முதல் நொடிகளில் சிறிதளவு பச்சையம் தோன்றும். அதன்பின் ஓரிரு மணி நேரம் ஒன்றும் பெரிதாக நடக்காது. அப்புறம்தான் மடமடவென்று பச்சை ஏறும். அந்த இடைவேளையில் என்ன நடக்கிறது? முதல் நாளே சில நிமிடம் சிவப்பு ஒளி காட்டிவிட்டு இருட்டில் வைத்திருந்தால், மறுநாள் அந்த இடைவேளை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. சிவப்பு ஒளி காட்டிய கையோடு தொலைசிவப்பு ஒளியைக் காட்டிவிட்டால் இடைவேளை திரும்பி வந்துவிடுகிறது. உணவாகப் பயன்படும் ஒளிக்கு இந்தக் குணம் இருக்க முடியாது. சாப்பிட்ட சோற்றை இன்னொரு கவளம் அழித்துவிடுமா? கட்டளைக்குத்தான் மறுகட்டளை உண்டு. அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் 1952ல் லெட்யூஸ் விதை முளைப்பதில் இதே சிவப்பு, தொலைசிவப்பு விளையாட்டைக் கண்டார்கள். கடைசியாக எந்த ஒளியைக் காட்டினார்களோ அதன் சொல்தான் எடுபட்டது. 1959ல் அந்த ஆணையை வாங்கும் நிறமியையே அங்கே கருவியில் பிடித்துக் காட்டினார்கள்; ஃபைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார்கள். அது 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளியில் ஒரு வடிவம் எடுக்கும், 730 அளவிலான தொலைசிவப்பில் பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

ஃபைட்டோகுரோம் ஆணையை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது பிந்தைய நாற்பது ஆண்டு ஆய்வின் கதை. அதன் விவரமெல்லாம் இந்த மேடைக்கு வேண்டாம். சுருக்கமாக: இருட்டில் செடியின் உட்கருவில் சில காவல் புரதங்கள் உட்கார்ந்துகொண்டு, பச்சையம் கட்டும் மரபணுக்களை அடக்கி வைக்கின்றன. இன்னொரு காவல்காரப் புரதம், பச்சையாக்கத்தைத் தூண்டவல்ல ஆட்களை உருவாக உருவாகவே அழித்துக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் பட்டதும் ஃபைட்டோகுரோம் உட்கருவுக்குள் நுழைகிறது. முதல் வகைக் காவலர்கள் சிதைக்கப்படுகிறார்கள். இரண்டாம் காவலரின் கை கட்டப்படுகிறது. நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோமும் இதே வேலையில் சேர்ந்துகொள்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இருட்டில் செடி சும்மா இருந்துவிடவில்லை. பச்சையாகாமல் இருப்பதற்காக உழைத்துக்கொண்டிருக்கிறது. காவலர்களை உண்டாக்கி, அவர்களுக்குச் சோறு போட்டு, வாசலில் நிறுத்தியிருக்கிறது. அந்தக் காவல் புரதங்கள் பழுதான மரபுபிறழ் செடிகளை ஆய்வகங்களில் வளர்த்திருக்கிறார்கள். இருட்டிலேயே அவை குட்டையாக, இலை விரித்து, பகலில் இருப்பதுபோல் நடந்துகொள்கின்றன. அப்படியும் அவை பச்சையாவதில்லை, ஏனென்றால் முதல் பூட்டு இன்னும் பூட்டியபடியே இருக்கிறது. ஒரு கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுகிறவர், உள்ளே ஏதோ பெரிய பொருள் வைத்திருக்கிறார் என்றுதானே பொருள்?

அந்தப் பொருள் என்னவென்று காட்டியது, 2001ல் சூரிக் நகரில் கிளாஸ் ஆப்பெலின் ஆய்வுக்குழு விவரித்த ஒரு மரபுபிறழ் செடி. ஃபுளூ என்று அதற்குப் பெயர். அதில் பழுதானது ஒரே ஒரு தடை: முன்பச்சையம் போதுமான அளவு சேர்ந்ததும், பாதையின் தொடக்கத்தில் அமினோலெவுலினிக் அமிலம் உண்டாவதை நிறுத்தும் தடை. இந்தச் செடியைத் தொடர்ந்த வெளிச்சத்தில் வளர்த்தால் நன்றாக, பச்சையாக, மற்றச் செடிகளைப் போலவே வளர்கிறது. முன்பச்சையம் உண்டாக உண்டாக ஒளி அதை மாற்றிவிடுவதால் சேர்வதற்கு வழியில்லை. சில மணி நேரம் இருட்டில் வைத்துப் பின் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தால் இலைகள் வெளுத்து, நாற்று செத்துப்போகிறது. கொன்றது இருட்டா வெளிச்சமா? இரண்டும் தனித்தனியே குற்றமற்றவை. இருட்டில் முன்பச்சையம் அளவுமீறிச் சேர்ந்தது. வெளிச்சம் வந்ததும் அந்த உபரி மூலக்கூறுகள் ஒளியை உறிஞ்சின. உறிஞ்சிய ஆற்றலை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் முறையான ஆள் இல்லாததால் ஆக்சிஜனிடம் தள்ளிவிட்டன. வெறிபிடித்த அந்த ஆக்சிஜன் செல்லின் சவ்வுகளையும் புரதங்களையும் தாக்கியது. பச்சையம் தனக்குரிய புரதங்களுக்குள் ஒழுங்காக அமர்ந்திருக்கும்போது ஆற்றலைக் கைமாற்றி வேலை வாங்கும் கருவி. தனியாக அலையும்போது அதுவும் அதன் உறவுகளும் திரி பற்றிய வெடி.

ஒரு ஆய்வகச் செடியை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. சாட்சிகள் வேறு திசைகளிலிருந்தும் வருகின்றன. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டின் ரெபெய்ஸ் 1984ல் ஒரு களைக்கொல்லி முறையை அறிவித்தார். செடிக்கு அன்றாடம் வேண்டிய அமினோலெவுலினிக் அமிலத்தையே அளவுக்கு மீறித் தெளித்து இருட்டில் விட வேண்டும். இரவெல்லாம் முன்பச்சையமும் அதன் உறவுகளும் குவியும். காலை வெயிலில் களை கருகும். நஞ்சென்று எதையும் ஊற்றவில்லை. செடியின் சொந்தச் சரக்கை அதன் காவலைத் தாண்டிக் கொடுத்தார், அவ்வளவுதான். தமிழ்நாட்டு வெங்காய வயல்களில் தெளிக்கப்படும் ஆக்சிஃபுளோர்ஃபென் வேறு படியைத் தடுத்தாலும் கொல்லும் விதம் இதுவேதான்: வளையப் பொருள் ஒன்று தவறான இடத்தில் குவிய, வெயில் மிச்சத்தை முடிக்கிறது. இதே வளையங்கள் மனிதத் தோலில் சேரும் போர்ஃபைரியா நோயில் வெயில் பட்ட இடம் எரிந்து புண்ணாகிறது. அந்தக் குறையையே மருத்துவம் குணமாக்கிக்கொண்டது. மூளைக் கட்டி அறுவைக்கு முன் நோயாளிக்கு அமினோலெவுலினிக் அமிலம் குடிக்கக் கொடுத்தால், கட்டிச் செல்களில் வளையப் பொருள் சேர்ந்து நீல ஒளியில் செந்நிறமாக ஒளிர்ந்து எல்லை காட்டும். செடி, களை, தோல், கட்டி ஆகிய நான்கு இடத்திலும் ஒரே வேதியியல் ஒரே பாடத்தைச் சொல்கிறது. இந்தப் பொருளை இருட்டில் கணக்கில்லாமல் சேர்த்து வைக்காதே என்பதுதான் அது. பயறு முளை சின்னக் கையிருப்போடு நிறுத்திக்கொண்டு, அதையும் நொதியின் பிடிக்குள் வைத்துக்கொண்டு காத்திருப்பது இதனால்தான்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது மிக வலுவானது. ஊசியிலை மரமான பைன் நாற்று இருட்டிலேயே பச்சையாகிறது. பல பாசிகளும் அப்படித்தான். அவற்றிடம் ஒளி வேண்டாத இன்னொரு நொதி இருக்கிறது. அது வேதி ஆற்றலைச் செலவழித்து அதே இரண்டு ஹைட்ரஜனைச் சேர்க்கிறது. அப்படியானால் ஒளிக்குக் காத்திருப்பது தேவையே இல்லை, பூக்கும் தாவரங்களுக்கு நேர்ந்த ஒரு விபத்து மட்டும்தானே? இந்த எதிர்வாதத்தில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். ஒளி இல்லாமல் பச்சையம் செய்வது வேதியியலால் முடியாத காரியமில்லை. இதுவே ஒளி இங்கே மூலப்பொருளாக இல்லை என்ற என் கூற்றுக்குப் பலம் சேர்க்கிறது. மறுபாதியை ஏற்க முடியாது. இருட்டு நொதி, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியின் உறவுக்காரன்; இரும்பு, கந்தகக் கட்டுமானம் கொண்டது; ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போவது. ஆக்சிஜன் இல்லாத பழைய உலகின் சொத்து அது. பைன் மரமும்கூட அதை மட்டும் நம்பி இருக்கவில்லை. ஒளி நொதியையும் சேர்த்தே வைத்திருக்கிறது, வெளிச்சத்தில் இன்னும் மிகுதியாகப் பச்சையம் கட்டுகிறது, இருட்டில் கட்டும் அளவுக்கும் எல்லை போட்டிருக்கிறது. பூக்கும் தாவரங்கள் பழைய நொதியின் மரபணுக்களை இழந்துவிட்டு ஒளி நொதியோடு மட்டும் உலகெங்கும் பரவியிருக்கின்றன. மண்ணுக்கடியில் முளைத்து மேலே வரும் விதைக்கு, மண்ணைப் பிளக்கும்வரை பச்சையால் பயனில்லை, அபாயம் மட்டும் உண்டு. இழப்பு விபத்தாகவே தொடங்கியிருக்கலாம். அதனால் அவை தோற்றுப்போகவில்லை என்பது கண்முன் இருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதத்தை இந்தத் தீவின் மரங்களே எழுப்புகின்றன. பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பத்து நிமிடம்கூட மாறாத ஊர் இது, வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஒளி அனுமதி தந்தால் பச்சை வரும் என்றால், உச்சிக் கிளையில் முழு வெயிலில் தொங்கும் மாந்தளிர் ஏன் செம்பு நிறமாக இருக்கிறது? சாலையோரக் காட்டு லவங்க மரம் தளிர் விடும்போது ஏன் மரமே சிவந்து தெரிகிறது? தோமஸ் கர்சரும் ஃபிலிஸ் கோலியும் பனாமா காடுகளில் இதை ஆராய்ந்து, தாமதப் பச்சையாதல் என்று 1990களின் தொடக்கத்தில் எழுதினார்கள். வெப்பமண்டலத்தில் இலையைத் தின்னும் பூச்சிகள் பெரும்பாலும் இளம் இலையையே தேடுகின்றன. இலை தடித்து முதிரும்வரை அதில் விலையுயர்ந்த பசுங்கணிகங்களைக் கட்டாமல் தள்ளிப்போட்டால், கடிபட்டாலும் நட்டம் குறைவு. அனுமதிச் சீட்டு கையில் இருக்கிறது. வீடு கட்டும் நேரத்தை மரம் தானே முடிவு செய்கிறது. இது என் வாதத்தை உடைப்பதாகத் தெரியவில்லை, கூர்மையாக்குகிறது. ஒளி கட்டாயப்படுத்தும் விசையாக இருந்தால் மாந்தளிர் உடனே பச்சையாகியிருக்க வேண்டும். தமிழ் இந்த வரிசையை எவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன்: குருத்து, கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. ஒவ்வொரு சொல்லும் பச்சையக் கணக்கேட்டில் ஒரு பதிவு. குருத்துக்கு அனுமதி இல்லை. தளிருக்கு அனுமதி இருந்தும் அவசரமில்லை. பழுப்பில் பச்சையத்தைப் பிரித்து அதன் புரதங்களின் நைட்ரஜனை மரம் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது எதிர்வாதம் அன்றாட அனுபவத்திலிருந்து வருவது. மிகுதியான ஒளி மிகுதியான பச்சை தர வேண்டாமா? தெலுக் பிளாங்கா குன்றின் வனநடைப் பாலத்தில் நடந்து கீழே பாருங்கள். நிழலில் வாழும் செடிகளின் இலைதான் கரும்பச்சை. வெயிலில் நிற்கும் இலை வெளிர்பச்சை. எடைக்கு எடை பார்த்தால் நிழல் இலையில் பச்சையம் கூடுதல், அதிலும் ஒளி பிடிக்கும் வலையாகப் பயன்படும் பச்சையம் பி என்ற வகையின் பங்கு கூடுதல். திறந்த வெளியில் சிவப்பு ஒளியும் தொலைசிவப்பும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும். அடர்ந்த இலைக்கூரையின் கீழ் சிவப்பு வடிகட்டப்பட்டு, தொலைசிவப்பில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு அளவே மிஞ்சும். அங்கே ஒளி அரிது. அரிதானதைப் பிடிக்க அகல வலை வேண்டும். முழு வெயிலில் நிற்கும் இலைக்கு வந்து குவியும் ஆற்றலே சுமை. அது வலையைச் சுருக்கிக்கொள்கிறது. இருட்டு முளை முன்பச்சையத்தைச் சேர்க்காமல் நிறுத்துவதும், வெயில் இலை வலையைச் சுருக்குவதும் ஒரே அச்சத்தின் இரு வெளிப்பாடுகள். ஒளியின் ஆணை இருமுனையிலும் அளவு பார்த்தே வருகிறது.

இந்தக் கடைசிச் செய்தி நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் தாழ்வாரத் தோட்டங்களுக்கு நேரடியாகப் பயன்படும். 2020ல் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலங்கள் அனுப்பியது நினைவிருக்கும். தாழ்வாரத்திலும் சன்னலோரத்திலும் துளசி, பாண்டான், கறிவேப்பிலை, கீரை வளர்ப்போர் பலர், செடி நோஞ்சானாக இருக்கும்போதும், பச்சையாகத்தானே இருக்கிறது, வெளிச்சம் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். பச்சை, அனுமதி கிடைத்ததற்கு மட்டுமே சான்று. வயிறு நிறைந்ததற்குச் சான்று ஆகாது. பசியைக் காட்டுவது தண்டு: கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, செடி வெளிச்சம் இருக்கும் பக்கம் சாய்ந்தால் அது ஒளிப்பசி. நல்ல வெயிலில் இருந்தும் மஞ்சள் என்றால் கணக்கு வேறு. முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் நைட்ரஜனோ மெக்னீசியமோ குறைவு. செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதியதற்குக் கொடுத்துவிடும். இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்ற இடம் மஞ்சளானால் பெரும்பாலும் இரும்புக் குறைவு. பச்சையத்தில் இரும்பு கிடையாது. அதைக் கட்டும் நொதிகளில் ஒன்றுக்கு இரும்பு வேண்டும். இரும்பால் சிவந்த மண்ணில் வளரும் செடிக்கும் இரும்புப் பசி வரலாம் என்பது வேடிக்கைதான், ஆனால் துரு வடிவ இரும்பு நீரில் எளிதில் கரைவதில்லை. சுண்ணாம்பு ஏறிய தொட்டி மண்ணில் இன்னும் கரையாது. சமையலறைக்கும் ஒரு குறிப்பு: வெளிச்சத்தில் கிடந்த உருளைக்கிழங்கின் பச்சைத் தோலில் பச்சையம் குற்றவாளி இல்லை, அதே வெளிச்சத்தால் தூண்டப்பட்டுக் கூடவே சேரும் சோலனின்தான் நஞ்சு. பச்சை அங்கே எச்சரிக்கைப் பலகை மட்டும்.

கடைசியாக, விளக்கொளியில் பயிர் வளர்க்கும் இக்காலத்தில் இதெல்லாம் பழங்கதை ஆகிவிடாதா என்ற கேள்வி. 2014ல் பானசோனிக் நிறுவனம் இங்கே ஒரு தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் எல்இடி விளக்கில் கீரை வளர்க்கத் தொடங்கியது. பின்னர் வேறு பலரும் வந்தார்கள். அந்த விளக்குகள் பெரும்பாலும் சிவப்பும் நீலமும் கலந்தவை. ஃபைட்டோகுரோம், கிரிப்டோகுரோம், ஒளி நொதி, பச்சையம் எல்லாம் கேட்கும் மொழி அந்த இரண்டு நிறம்தான். அனுமதி தருவதற்கு மின்செலவு மிகச் சிறிது. பசி தீர்ப்பதற்குத்தான் கட்டணம் ஏறுகிறது. அந்தத் தொழிலின் பொருளாதாரச் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு ஒளிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில் அடங்கியிருக்கிறது.

கூட்டம் தொடங்கியபோது வெளியே வெயில் இருந்தது; இப்போது ஏழரை ஆகிவிட்டது. ஃபேபர் குன்றின் ஒவ்வொரு இலையிலும் இந்நேரம் ஒளி நொதியின் வேலை நின்றிருக்கும். முன்பச்சையம் சிறிது சேரும். ஃபுளூ செடியில் பழுதாயிருந்த அந்தத் தடை, பழுதில்லாத இந்த மரங்களில் தொடக்கப் படியை மூடும். அந்தச் சின்னக் கையிருப்பு இரவு முழுவதும் நொதியின் பிடியில் இருக்கும். காலை ஏழு மணிவாக்கில், ஹெண்டர்சன் அலைப்பாலத்தின் மேல் முதல் வெளிச்சம் படும்போது, ஒவ்வொரு நொதியும் ஒரு ஒளித்துகளை வாங்கிக்கொண்டு இரண்டு ஹைட்ரஜனைச் சேர்த்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டும். இனி நீங்கள் கேளுங்கள்.